பெரிய சோதனை எப்போது வரும்?

ஒன்ராறியோவில் பிள்ளையை ஹைஸ்கூலில் சேர்த்துவிட்டு வருகிற தாய் தகப்பனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால், கோப்பையைக் கையில் வாங்கும்போதே அவர்கள் கேட்கும் முதற்கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: “பெரிய சோதனை எப்ப வரும்?” நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஓ.எல்., ஏ.எல். எடுத்து வந்தவருக்கும், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எழுதி வந்தவருக்கும் படிப்பு என்பது ஒரு தேதியை நோக்கிப் போகிற பாதை. அந்தத் தேதி வரும்வரை வீட்டில் தொலைக்காட்சி கிடையாது, கலியாணவீடு கிடையாது. வந்து போனபின் பெறுபேறு வரும். அதோடு வாழ்க்கை ஒரு பக்கம் திரும்பும்.

ஒன்ராறியோவில் அப்படி ஒரு தேதி இல்லை. ஹைஸ்கூல் டிப்ளோமா கிடைக்குமா என்பதை, தரம் 9 முதல் 12 வரை நாலு வருடமாகச் சேர்ந்த கிரெடிட்களின் கணக்குத்தான் முடிவுசெய்கிறது. இதைச் சொன்னதும் பெற்றோரின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும். அந்த ஆறுதல் பாதி சரியானது. மற்றப் பாதியைப் பொறுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சோதனை என்று ஒரு நாள் இல்லாதபடியால், பிள்ளை எங்கே பின்தங்குகிறது என்று வீட்டுக்குச் சத்தமாக அறிவிக்கும் நாளும் இல்லை.

முதலில் கிரெடிட் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு பாடத்துக்கு நேர அட்டவணையில் 110 மணிநேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். பிள்ளை அந்தப் பாடத்தில் 50 வீதமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். இரண்டும் நிறைவேறினால் ஒரு கிரெடிட். இறுதிப் புள்ளியில் 70 வீதம் பாடம் நடக்கும் காலம் முழுக்கச் செய்த வேலைக்கு, 30 வீதம் கடைசியில் வரும் சோதனைக்கும் செயற்திட்டத்துக்கும். ஆகவே கடைசி வாரத்தில் கண்விழித்துப் படித்து மீட்டுவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இங்கே அதிகம் கைகொடுக்காது.

பெரும்பாலான பள்ளிகள் வருடத்தை இரண்டு செமஸ்டராகப் பிரிக்கின்றன. செமஸ்டருக்கு நாலு பாடம், வருடத்துக்கு எட்டு. நாலு வருடத்தில் 32 பாடங்களுக்கு இடம் உண்டு. டிப்ளோமாவுக்குத் தேவை 30. எல்லாம் ஒழுங்காகப் போனால் மிஞ்சுவது இரண்டே இரண்டு இடம். இந்த இரண்டை மனதில் வைத்திருங்கள்.

இந்த முறையில் ஓர் இரக்கம் உண்டு, அதையும் மதிக்க வேண்டும். தரம் 9 புவியியலில் ஒரு பிள்ளை 43 எடுத்தால், அந்தப் பாடத்துக்கான கிரெடிட் மட்டும்தான் இல்லாமற் போகும். தேறிய மற்றப் பாடங்கள் தேறியவைதான். பிள்ளை தன் வயதுக்காரரோடு தரம் 10க்குப் போகும், புவியியலை மட்டும் இன்னொரு முறை எடுக்கும். ஒரு பாடத்துக்காக முழு வருடத்தையும் இழந்து, தம்பி தங்கச்சியின் வகுப்பில் போய் இருக்கவேண்டிய அவமானம் இல்லை.

ஒன்ராறியோ எப்போதும் இப்படி இருக்கவில்லை. தரம் 13 என்று ஒரு வகுப்பும், அதன் முடிவில் மாகாணம் முழுவதற்கும் பொதுவான அரசுப் பரீட்சையும் இங்கேயும் இருந்தன. அந்தப் பரீட்சை 1967இல் முடிவுக்கு வந்தது. அடுத்த வருடம், 1968இல், ஹால்-டெனிஸ் எனப்படும் கல்வி அறிக்கை வெளியானது. பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்காமல் அவரவர் வேகத்துக்கும் விருப்பத்துக்கும் இடம் விடவேண்டும் என்று அது வாதிட்டது. 1970களின் தொடக்கத்தில் கிரெடிட் முறை ஒன்ராறியோப் பள்ளிகளில் வேரூன்றியது. கல்வியை மணிநேரத்தில் அளக்கும் வழக்கம் அதைவிடப் பழையது, அமெரிக்காவிலிருந்து வந்தது. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னெகி 1905இல் ஒரு கோடி டொலர் கொடுத்தார். எந்தக் கல்லூரியை அந்தத் திட்டத்தில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. தன்னிடம் சேர வரும் மாணவர் ஹைஸ்கூலில் 14 அலகுகள் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் கல்லூரியைச் சேர்ப்பது என்று முடிவானது. ஓர் அலகு ஏறத்தாழ 120 மணிநேரம். ஓய்வூதியத்துக்கென்று போட்ட அளவுகோல் வட அமெரிக்கப் பள்ளிகளின் கணக்குப் புத்தகமாக நிலைத்துவிட்டது.

இனி அந்த 30க்கு வருவோம். 2024 செப்டம்பரிலோ அதற்குப் பின்னரோ தரம் 9 தொடங்கிய பிள்ளைகளுக்குக் கட்டாயம் 17, விருப்பத்தெரிவு 13. அதற்கு முன் தொடங்கியவர்களுக்குக் கட்டாயம் 18, விருப்பத்தெரிவு 12. புதிய கணக்கை விரல்விட்டு எண்ணலாம். ஆங்கிலம் 4, ஒவ்வொரு தரத்திலும் ஒன்று. கணிதம் 3, அதில் ஒன்றாவது தரம் 11 அல்லது 12இல். விஞ்ஞானம் 2. கனடிய வரலாறு, கனடியப் புவியியல், கலை, உடற்கல்வி, பிரெஞ்சு, தொழில்நுட்பக் கல்வி என்பன ஒவ்வொன்று. குடியியல் அரை, தொழில் வழிகாட்டல் அரை. பதினேழாவது ஒரு சிறு பட்டியலிலிருந்து எடுப்பது: வணிகம், கணினி, கூட்டுறவுக் கல்வி எனப்படும் கோ-ஆப், அல்லது மேலதிகமாக ஒரு கணிதமோ விஞ்ஞானமோ தொழில்நுட்பமோ.

கிரெடிட் முப்பதும் சேர்ந்தாலும் டிப்ளோமாவுக்கு இன்னும் மூன்று விஷயங்கள் வேண்டும்.

ஒன்று, எழுத்தறிவுத் தகைமை. தரம் 10இல் மாகாண அளவில் ஒரு சோதனை நடக்கும். ஆங்கிலத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளவும் எழுதவும் முடிகிறதா என்று பார்க்கும். தேறாவிட்டால் மீண்டும் எழுதலாம், அல்லது அதற்கென்றுள்ள ஒரு பாடத்தை எடுத்துத் தேறலாம். ஆங்கிலம் இன்னும் படிந்துவராத புதுப் பிள்ளைக்கு இதைத் தள்ளிப்போட வழி உண்டு. அதைப் பள்ளியோடு பேசிக் கேட்க வேண்டும்.

இரண்டு, 40 மணிநேரச் சமூகத் தொண்டு. தரம் 8 முடிந்த கோடையிலேயே தொடங்கலாம். சம்பளம் வாங்கக்கூடாது, வகுப்பு நேரத்தில் செய்யக்கூடாது, பள்ளிச் சபை ஏற்கும் வேலையாக இருக்க வேண்டும். நூலகம், முதியோர் இல்லம், உணவு வங்கி, கோயில் திருவிழா என்று செய்யும் இடங்கள் பல. செய்யும் முன் அது கணக்கில் வருமா என்று கேட்பதும், செய்தவுடன் கையெழுத்து வாங்குவதும் பிள்ளையின் பொறுப்பு. வருடத்துக்குப் பத்து மணிநேரம் என்று பிரித்தால் இது ஒரு சுமையே இல்லை. தரம் 12இன் வசந்தத்தில் நாற்பதையும் ஒன்றாகத் தேடினால் சுமைதான்.

மூன்று, இணையவழிப் பாடங்களில் 2 கிரெடிட். 2020இலிருந்து தரம் 9 தொடங்கியவர்களுக்கு இது பொருந்தும். இது அந்த 30க்குள் அடங்கும், தனியாக அல்ல. வேண்டாமென்றால் பெற்றோர் படிவம் நிரப்பி விலக்குப் பெறலாம். வீட்டில் அமைதியான மூலை இல்லாத பிள்ளைக்கு, திரையின் முன் தனியே படிக்க முடியாத பிள்ளைக்கு, இந்த விலக்கைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது டிப்ளோமாக் கணக்கு. பெற்றோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். “30 வந்திட்டுது, பிறகென்ன?” பிறகுதான் இரண்டாவது கணக்கு இருக்கிறது. டிப்ளோமா பள்ளியை முடித்ததற்குச் சான்று. பல்கலைக்கழகமோ கல்லூரியோ உள்ளே எடுப்பதற்குப் பார்ப்பது வேறு கணக்கு. இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒன்ராறியோவில் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்தும் இலக்கமுமாக ஐந்து இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. முதல் மூன்று எழுத்துகள் பாடத்தைச் சொல்லும். நாலாவது இடத்தில் உள்ள இலக்கம் தரத்தைச் சொல்லும்: 1 என்றால் தரம் 9, 4 என்றால் தரம் 12. கடைசி எழுத்துத்தான் பெற்றோர் பார்க்கவேண்டியது. தரம் 11, 12இல் அது ‘யூ’ என்றால் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் பாடம், ‘சி’ என்றால் கல்லூரிக்கு, ‘எம்’ என்றால் இரண்டுக்கும், ‘ஈ’ என்றால் நேரே வேலைக்கு, ‘ஓ’ என்றால் எல்லோருக்கும் பொதுவானது. எந்த எழுத்தில் முடிந்தாலும் டிப்ளோமாவுக்கு அது ஒரு கிரெடிட்தான். 51 எடுத்தாலும் ஒன்று, 95 எடுத்தாலும் ஒன்று. ஆனால் ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்பது தரம் 12இல் ‘யூ’ அல்லது ‘எம்’ பாடங்கள் ஆறு. அதில் ‘யூ’ ஆங்கிலம் கட்டாயம். அந்த ஆறின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். முப்பதும் நிறைந்த ஒரு பிள்ளையிடம் அந்த ஆறு இல்லாமல் இருக்கலாம்.

பொறியியல் படிக்க விரும்பும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்ப்போம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் தரம் 12இல் கேட்பது ஆங்கிலம், இரசாயனவியல், பௌதிகவியல், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், இன்னும் ஒரு பாடம். கல்குலஸ் எடுக்க வேண்டுமென்றால் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸை முன்னரோ கூடவோ எடுக்க வேண்டும். அதற்கு வழக்கமான பாதை தரம் 11இன் ‘யூ’ ஃபங்ஷன்ஸ். அதற்குத் தரம் 10இல் அகாடமிக் கணிதம். தரம் 9இல் இப்போது எல்லோருக்கும் ஒரே கணிதம்தான். 2021இல் அங்கே அகாடமிக், அப்ளைட் என்ற பிரிவினையை எடுத்துவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் தரம் 10இல் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. எது என்று பிள்ளை தெரிவுசெய்வது தரம் 9இல் படித்துக்கொண்டிருக்கும்போது, பெப்ரவரி வாக்கில், பள்ளியின் கணினித் தளத்தில் சில பெட்டிகளில் அடையாளமிட்டு.

அதாவது பதினாலு வயதுப் பிள்ளை, கூட்டாளி எதை எடுக்கிறானோ அதையே நானும் எடுக்கிறேன் என்று அழுத்தும் ஒரு பொத்தான், மூன்று வருடம் கழித்து ஒரு கதவைக் கடினமாக்கிவிடக்கூடும். ஊரில் சோதனை வரும் என்று ஊருக்கே தெரியும். இங்கே அந்தப் பெப்ரவரி வந்துபோவது வீட்டில் பலருக்குத் தெரியாது. தெரிவுப் படிவத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்பார்கள். “அம்மா, இதில ஒரு சைன் வையுங்கோ” என்று பிள்ளை நீட்டும் தாள் எது என்று வாசித்துவிட்டு வையுங்கள். பிழையாக எடுத்தால் திரும்ப வழியில்லை என்று பயமுறுத்தவில்லை. அகாடமிக் கணிதத்தைப் பிறகும் எடுக்கலாம். ஆனால் அதற்கு ஓர் இடம் வேண்டும். மிஞ்சியிருக்கும் இடம் இரண்டு என்று சொன்னேனே, அது இப்படித்தான் கரைகிறது.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ‘யூ’விலேயே போட்டுவிடுவோம் என்று பெற்றோர் கிளம்பினால், அதுவும் பிள்ளைக்குச் செய்யும் நீதி அல்ல. கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளையை, கல்லூரிப் பாதையில் மலரக்கூடிய பிள்ளையை, 52, 54 என்று தள்ளாட வைத்து, தான் எதற்கும் உதவாதவன் என்று நம்பவைக்கிறோம். ஒன்ராறியோவில் ஹைஸ்கூலில் இருக்கும்போதே, கோ-ஆப் மூலம் மின்னியல், தச்சு, வாகனத் திருத்தம் போன்ற தொழில்களில் பயிலுநராகத் தொடங்கலாம். சில பள்ளிகளில் தரம் 11, 12 பாடங்களை ஒரு துறையைச் சுற்றித் தொகுத்துப் படித்தால் டிப்ளோமாவில் சிவப்பு முத்திரை பதித்துத் தருவார்கள். இவை இரண்டாந்தர வழிகள் என்று நம் வரவேற்பறைகளில் பேசுவதை நிறுத்த வேண்டும். இந்த நாட்டில் வீடு கட்டுகிறவரும் வயர் இழுக்கிறவரும் மதிப்போடு வாழ்கிறார்கள். பிள்ளை எங்கே போக விரும்புகிறது என்று முதலில் கேட்டு, அங்கே போகிற பாடங்களை எடுப்பதுதான் முறை.

இடையில் வந்து சேர்ந்த பிள்ளைகளின் கணக்கு வேறு. பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் பிள்ளை பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. ஊரில் படித்ததற்குப் பள்ளி அதிபர் சமமான கிரெடிட்களை மதிப்பிட்டுக் கொடுப்பார். அதனால் பயணப்பெட்டியில் நகைக்கு முன் வைக்கவேண்டியது பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், ஓ.எல். பெறுபேறு, அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் பிள்ளைக்கு ஈ.எஸ்.எல். வகுப்புகள் உண்டு. அவற்றில் 3 கிரெடிட் வரை ஆங்கிலத்தின் கட்டாய நாலில் சேரும். ஆனால் நாலாவது தரம் 12இன் கட்டாய ஆங்கிலப் பாடமாகவே இருக்க வேண்டும். ஈ.எஸ்.எல். வகுப்பில் போடுவதை அவமானமாக நினைத்து அழுது அடம்பிடித்து மாற்றிய பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த வகுப்பு கிரெடிட்டும் தருகிறது, மொழியும் தருகிறது. வேண்டாமென்று ஒதுக்குவதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. பிரெஞ்சு போன்ற ஒரு கட்டாயப் பாடம் உண்மையில் பொருந்தாதபோது, கட்டாயப் பாடங்களில் 3 வரை வேறு பாடங்களால் மாற்றும் அதிகாரமும் அதிபருக்கு உண்டு. கேட்டால்தான் யாரும் யோசிப்பார்கள்.

பாடம் தவறிப்போனால் என்ன செய்வது? முதலில், பிள்ளையை ஏசாதீர்கள். இரண்டாவது, தாமதிக்காதீர்கள். கோடைப்பள்ளி இருக்கிறது, இரவுப்பள்ளி இருக்கிறது. தவறிய பகுதிகளை மட்டும் திரும்பச் செய்து தேறும் கிரெடிட் மீட்பு வகுப்பும் பல பள்ளிகளில் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தரம் 9, 10இல் தவறிய பாடம் மாணவரின் கிரெடிட் பத்திரத்தில் ஏறாது, தேறியது மட்டுமே ஏறும். தரம் 11, 12இல் தவறியதும் ஏறும், திரும்ப எடுத்ததும் ஏறும். செமஸ்டரின் நடுவில் வரும் அறிக்கை கிடைத்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் பாடத்தை விட்டால் மட்டும் தடயம் இருக்காது. ஆகவே அந்த நடு அறிக்கை வீட்டுக்கு வரும் வாரம் முக்கியமான வாரம். தொடர்வதா விடுவதா என்பதை அந்த ஐந்து நாட்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

விருப்பத்தெரிவு 13இல் நம்மவர் மறந்துவிடும் ஒன்று தமிழ். ரொறன்ரோ வட்டாரப் பள்ளிச் சபைகளில் சனிக்கிழமை நடக்கும் வகுப்புகளில் தமிழைப் படித்து ஹைஸ்கூல் கிரெடிட் எடுக்கலாம். வீட்டில் பேசும் மொழி மாகாண அரசின் சான்றிதழில் ஒரு வரியாக ஏறுவது, பிள்ளைக்குத் தன் வீட்டைப் பற்றி ஒரு மரியாதையைத் தருகிறது. கிரெடிட் குறைவாக இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு கிரெடிட்டையும் கூட்டித் தருகிறது.

நான் மிகவும் கவலைப்படுவது கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி அல்ல, சத்தமில்லாத பிள்ளைகளைப் பற்றி. வகுப்பில் குழப்படி இல்லை. மாலையில் கடையில் வேலை. தாய்க்கு மருத்துவரிடம் மொழிபெயர்ப்பு. தரம் 9இல் ஒரு பாடம், 10இல் ஒன்று, 11இல் ஒன்று என்று ஓசையில்லாமல் விடுபடும். சீட்டுக்காசு ஒரு மாதம் தவறினால் சீட்டு நடத்தும் தாய்ச்சி வீட்டு வாசலில் வந்து நிற்பார். கிரெடிட் தவறினால் அறிக்கையில் ஓர் இலக்கம் வரும், அதை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூன் மாதப் பட்டமளிப்புக்கு உடுப்பு எடுத்தபின் 29 என்று தெரியவரும். அப்போதும் உலகம் முடியவில்லை. இன்னொரு செமஸ்டர் திரும்பிவந்து முடிக்கலாம், வளர்ந்தபின்னும் முடிக்கலாம். ஆனால் அந்த வயதில் கூட்டாளிகள் மேடையேறும்போது கீழே நிற்கிற வலியை, ஒரு தாளை வருடம் ஒருமுறை வாசிப்பதால் தவிர்க்கலாம் என்றால், வாசிக்கத்தானே வேண்டும்?

அந்தத் தாளுக்குப் பெயர் கிரெடிட் கவுன்சலிங் சமரி. பள்ளியின் கைடன்ஸ் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். எத்தனை கிரெடிட் சேர்ந்திருக்கிறது, கட்டாயத்தில் எது மிச்சம், எழுத்தறிவுத் தகைமை ஆயிற்றா, தொண்டு மணிநேரம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலம் போதாதென்று தயங்கவேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், தன் குறையைத் தானே சொல்லும் நிலையில் பிள்ளையை நிறுத்தக்கூடாது. தரம் 9 முடியும்போது கையில் 8 இருக்க வேண்டும், 10 முடியும்போது 16, 11 முடியும்போது 24. குறைந்தால் அந்தக் கோடையிலேயே ஈடுசெய்யுங்கள். பிறகு பாடங்களின் கடைசி எழுத்துகளைப் பார்த்து, “நீ போக நினைக்கிற இடத்துக்கு இது போகுமா?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவருமாகக் கைடன்ஸிடம் போங்கள். பதினாலு வயதில் ஒரு பிள்ளை இந்தக் கணக்கைத் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை. கூடப் போக அம்மாவோ அப்பாவோ பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்குகிறவராக இருந்தாலே போதும்.